திரையில் வந்த நேர்மையான அதிகாரியும் ஊவாவில் நாம் தேடும் நீதியும்

ஊழலை எதிர்த்து நிற்கும் தனிமனிதனின் கதை தென்னிந்தியத் திரையுலகிற்குப் புதியதல்ல. எனினும் 1989 ஆம் ஆண்டு கோடி ராமகிருஷ்ணாவின் இயக்கத்தில் தெலுங்கில் வெளிவந்த ‘அங்குசம்’ அக்கதைக்குப் புதிய வேகத்தை அளித்தது எனலாம். ‘இதுதாண்டா போலீஸ்’ என்ற பெயரில் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டபோதும் அது பெரும் வெற்றி பெற்றது. 1990 இல் சிரஞ்சீவி நடிக்க ‘பிரதிபந்த்’ என்ற பெயரில் ஹிந்தியிலும் உருவானது. டாக்டர் ராஜசேகர் ஏற்ற பொலிஸ் அதிகாரி வேடமும், ராமி ரெட்டி ஏற்ற நீலகண்டம் என்ற தாதாவின் வேடமும் இன்றும் பலரது நினைவில் உள்ளன. தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து லயன் முற்றத்தில் கூடிப் படம் பார்த்த மலையகத்துத் தலைமுறைக்கு இத்தகைய படங்கள் நன்கு அறிமுகமானவையே.

அப்படம் மக்களைக் கவர்ந்தமைக்குக் காரணம் சண்டைக் காட்சிகள் மாத்திரமல்ல. அரசியல் பலம் பெற்ற ஒரு தாதாவிடம் ஊரே அஞ்சி நிற்க, சட்டத்தின் சீருடை அணிந்த ஒருவர் அஞ்சாது எதிர்த்து நிற்கிறார். தம் வாழ்வில் காணக் கிடைக்காத நீதியை மக்கள் திரையில் கண்டு ஆறுதல் அடைந்தனர். ஆனால் அந்த ஆறுதலுக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. யாரோ ஒருவர் வந்து நம்மை மீட்பார் என்ற காத்திருப்பே அது.

ஊழல் எங்கே வேர்கொள்கிறது? உரிமையாகக் கிடைக்க வேண்டியது சலுகையாக வழங்கப்படும் இடத்திலேயே அது செழிக்கிறது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு கட்டுப்பாடு, தோட்டப்புறங்களுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களின் மக்கள், பாதைக்கும் குடிநீருக்கும் அரசியல்வாதியையோ தொழிற்சங்கப் பிரமுகரையோ நாட வேண்டிய நிலை இவ்வாறே நிலைபெற்றது. சிபாரிசுக் கடிதம் அங்கே சட்டத்தை விட வலியதாயிற்று.

அந்தக் கடிதத்தின் வலிமையைப் பதுளையே கண்டது. 2018 ஜனவரியில், முதலமைச்சரின் சிபாரிசுடன் வந்த மாணவர் அனுமதியை ஏற்க மறுத்த பதுளை தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபர், அன்றைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கவின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கோர வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. முதலமைச்சர் அதனை மறுத்தார். எனினும் ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணையில் இறங்கியது. முதலமைச்சர் தம்மிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார்.

இந்நிகழ்வில் துப்பாக்கி ஏந்திய கதாநாயகன் எவரும் இல்லை. நடந்ததைப் பகிரங்கமாகக் கூறத் துணிந்த ஓர் ஆசிரியையும், அவரைத் தனித்து விடாத ஆசிரியர் சமூகமும், விசாரிக்கக் கடமைப்பட்ட நிறுவனங்களுமே இருந்தன. அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்த இவையே போதுமாயிருந்தன.

சட்டத்தை மீறித் தண்டிக்கும் அதிகாரியைத் திரையில் கைதட்டி வரவேற்கலாம். நிஜத்தில் சிறுபான்மை மக்களால் அவ்வாறு வரவேற்க இயலாது. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25 இற்கும் மேற்பட்ட தமிழர்கள் குழுவினரால் படுகொலை செய்யப்பட்டபோது, அங்கு பொலிஸார் கடமையில் இருந்தனர். கொலைகளை அவர்கள் தடுக்கவில்லை. 2005 இல் உயர் நீதிமன்றம் எஞ்சியிருந்த குற்றவாளிகளையும் விடுதலை செய்தது. எனவே நமக்குத் தேவை தன் விருப்பப்படி நீதி வழங்கும் அதிகாரி அல்லர். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தன் செயலுக்குப் பதில் சொல்லும் அதிகாரியே ஆவார்.

அவ்வாறு பதில் கோரும் கருவிகள் இன்று மக்களின் கையில் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. வீடமைப்புப் பயனாளிகளின் பட்டியல், பாதைக்கு ஒதுக்கப்பட்ட நிதி, நிவாரணம் பெற்றோர் தெரிவு செய்யப்பட்ட முறை போன்றவற்றைக் குடிமகன் எவரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன் பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இலஞ்சம் கோரப்பட்டால் 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலஞ்ச, ஊழல் விசாரணை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முறைப்பாட்டாளருக்குப் பாதுகாப்பு வழங்கவும் ஏற்பாடு செய்துள்ளது.

கொடுப்பதும் குற்றமே என்பதை மறந்துவிடலாகாது. இலஞ்சம் வாங்குபவரோடு கொடுப்பவரையும் இஸ்லாம் ஒருசேரக் கண்டிக்கிறது. வெலிமடையின் முஸ்லிம் வர்த்தகருக்கும் நமுனுகுலவின் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அலுவலக மேசையின் முன் நேரும் அலைக்கழிப்பு ஒன்றே. ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் பரிபாலன சபைகளும், தொழிற்சங்கக் கிளைகளும், இளைஞர் மன்றங்களும் இணைந்து விண்ணப்பம் எழுத உதவும் நிலையங்களை நடத்துவது பெரும் பயன் தரும். தனியொருவர் கேட்டால் மிரட்டலாம். ஊரே கையொப்பமிட்டுக் கேட்டால் அது எளிதல்ல.

திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நமது பிரதேச சபைக் கணக்கும் பாடசாலை அனுமதிப் பட்டியலும் ஆண்டுதோறும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் நம் மக்களிடையே வேரூன்ற வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.