பெயர் சரி, விலாசம் பிழை



இந்த வார எபிசோடில் பேக்கப் பற்றிக் கதைச்சோம். நேரம் காணாததால ஒரு கதையை விட்டுட்டோம். அதை இங்க எழுதுறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ரொறன்ரோவில் ஒரு கம்பனி; பெயர் வேண்டாம். அங்க நாலு பேக்கப் சேர்வர். ரெண்டு உண்மையான டேட்டாவுக்கு, ஒன்று வேறு நகரத்தில் அவசரத்துக்கு, ஒன்று டெஸ்ட் செய்து பார்க்க. நாலிலும் ஓடினது ஐபிஎம்மின் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட். 1993இல் ஏடிஎஸ்எம் என்று வந்த சாமான் இது. 1999இல் டிவோலி ஸ்டோரேஜ் மனேஜர், 2015இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட், 2023இல் ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. பழைய ஆக்கள் இன்னும் டிவோலி என்றுதான் சொல்லுவினம்.

நாலு சேர்வரையும் என்னுடைய ஒரே லினக்ஸ் மெஷினில் இருந்துதான் பார்த்துக்கொள்வேன். அதற்கு 'டிஎஸ்எம்.சிஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கு. ஒவ்வொரு சேர்வருக்கும் அதில் ஒரு பத்தி. முதல் வரியில் ஒரு பெயர், கீழே விலாசம், போர்ட் நம்பர். போர்ட் வழக்கமா 1500. பக்கத்தில் 'டிஎஸ்எம்.ஆப்ட்' என்று இன்னொரு ஃபைல். நீங்க எதுவும் சொல்லாவிட்டால் எந்தப் பத்தியை எடுக்கவேணும் என்று அது சொல்லும். அட்மின் கமாண்டை ஓட்டும்போது 'எஸ்ஈ' என்று போட்டுப் பெயரைக் கொடுத்தால் அந்த சேர்வருக்குப் போகும். அவ்வளவுதான்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கு. பத்தியின் தலையில் இருக்கிற பெயர் உங்கட மெஷினுக்கு மட்டும் தெரிஞ்ச பட்டப்பெயர். சேர்வரின் உண்மைப் பெயரோட அது பொருந்தவேணும் என்று கட்டாயம் இல்லை. 'டெஸ்ட்' என்று எழுதிவிட்டு, கீழே எந்த விலாசத்தையும் போடலாம். மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காது.

நான் செய்தது அதைத்தான். உண்மையான சேர்வரின் பத்தியை கொப்பி பண்ணி, பெயரை 'டெஸ்ட்' என்று மாற்றினேன். விலாசத்தை மாற்ற மறந்துட்டேன்.

அன்றைக்கு டெஸ்ட் சேர்வரில் ஒரு பழைய ஃபைல்ஸ்பேஸை அழிக்கவேணும். 'எஸ்ஈ டெஸ்ட்' என்று கவனமாத்தான் அடிச்சேன். உள்ளே போனதும் திரையில் 'சேர்வர்1' என்று வந்தது. சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் இந்த மென்பொருளை நிறுவும்போது எல்லா சேர்வருக்கும் கிடைக்கிற பெயர் 'சேர்வர்1'தான். எங்கட இடத்தில் ஒருத்தரும் அதை மாற்றவில்லை. டெஸ்டும் 'சேர்வர்1', உண்மையானதும் 'சேர்வர்1'. போதாக்குறைக்கு, ரீஸ்டோர் பழகுவதற்காக ரெண்டிலும் ஒரே பெயரில் நோட் வேறு.

அழிக்கிற கமாண்டை அடிச்சேன். தொடரவா, யெஸ்ஸா நோவா என்று கேட்டது. விரல் 'ஒய்'க்குப் போயிட்டுது. பின்னால் கோப்பியோடு வந்த அண்ணா திரையைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் பொறு. இது டெஸ்ட்தானா?"

"ஓம் அண்ணா, டெஸ்ட் என்றுதான் போட்டனான்."

"நீ போட்டது சரி. எங்க வந்து நிக்கிறாய் எண்டு பாத்தனியா? நோ அடிச்சிட்டு, ஃபைல்ஸ்பேஸ் விவரத்தை எடு."

எடுத்தேன். கடைசி பேக்கப் முடிஞ்ச திகதி: முந்தின இரவு. டெஸ்டில் மாசக்கணக்காக ஒரு பேக்கப்பும் ஓடினதில்லை. எனக்குக் கை குளிர்ந்துபோச்சு. அண்ணா ஏசவில்லை. "கேள்வி கேக்கிறதை நிப்பாட்டிற 'நோகன்ஃபேர்ம்' மட்டும் போட்டிருந்தாய் எண்டால், நான் வந்தும் பிரயோசனம் இல்லை" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டவை:

சேர்வருக்கு உண்மைப் பெயர் வையுங்க. 'செட் சேர்வர்நேம்' என்று ஒரு கமாண்ட் போதும். ஆனால் கிளையன்ட்கள் இணையமுதல், தொடக்கத்திலேயே செய்யவேணும். பிறகு மாற்றினால் விண்டோஸ் கிளையன்ட்கள் எல்லாம் திரும்ப பாஸ்வேர்ட் கேட்கும்.

சேர்வர் மாற டிஎஸ்எம்.ஆப்டைத் திருத்தாதீங்க. அந்த மெஷினின் இரவு பேக்கப்பும் அதே ஃபைலைத்தான் வாசிக்கும். திருத்திட்டு மறந்தால், ஷெட்யூலர் அடுத்த முறை தொடங்கும்போது பிழையான சேர்வரைத் தேடிப்போகும். ஒவ்வொரு முறையும் 'எஸ்ஈ' போடுங்க.

விண்டோஸில் வேறு வழி. அங்க டிஎஸ்எம்.சிஸ் இல்லை. சேர்வருக்கு ஒன்றாகத் தனித்தனி ஆப்ட் ஃபைல் வைத்து, 'ஆப்ட்ஃபைல்' என்று சொல்லி அழைக்கவேணும்.

எல்லா சேர்வருக்கும் ஒரே அட்மின் ஐடி என்றால் கவனம். 8.1.2 பதிப்பிலிருந்து பாதுகாப்பு இறுக்கமாயிட்டுது. புது கிளையன்டில் இருந்து புது சேர்வருக்கு ஒருமுறை உள்ளே போனால், அந்த ஐடி 'ஸ்ட்ரிக்ட்' ஆகிவிடும். பிறகு பழைய கிளையன்டில் இருந்து அதே ஐடியோடு அந்த சேர்வருக்குள் போக ஏலாது. ஒரு மெஷினை மட்டும் அப்கிரேட் பண்ணிட்டு, மற்றதில் ஏன் கதவு பூட்டு என்று தலையைச் சொறிய வேண்டிவரும்.

அழிக்கமுதல் ஒரு கேள்வி கேளுங்க. சேர்வர் நிலை, கடைசி பேக்கப் திகதி, ஏதாவது ஒன்று. பத்து செக்கன் வேலை.

நீங்க ஐபிஎம் பக்கமே போகாத ஆளா இருக்கலாம். ஆனால் எஸ்எஸ்எச் கொன்ஃபிக்கில் 'ஹோஸ்ட்' என்று எழுதுறதும் பட்டப்பெயர்தான். குபெர்னெட்டிஸ் கொன்டெக்ஸ்டும் அப்படித்தான். அம்மா, அப்பாவின் கலியாணப் படங்களை ரெஸ்டிக்கில் ரெண்டு இடத்தில் வைத்திருக்கிறீங்களா? 'ஃபொர்கெட்' அடிக்கமுதல் ரெப்பொசிட்டரி விலாசத்தை ஒருக்கால் வாசியுங்க. பெயரைப் பார்த்து நம்பாமல், விலாசத்தைப் பாருங்க.

இந்த வாரம் உங்கட கொன்ஃபிக் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் என்ன விலாசம் இருக்கு என்று பாருங்க. ஏதாவது மாறிக்கிடந்தால் எங்களுக்கும் எழுதுங்க. சிரிக்கமாட்டோம், சத்தியமா.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!