மூச்சில் பிறக்கும் பாட்டு

சங்கீதத்தில் வேகம் வியப்பைத் தரும். நிதானமோ நெஞ்சைத் தொடும். துரித காலத்தில் விரல்கள் புரியும் ஜாலத்துக்குக் கரகோஷம் எளிதில் கிடைத்துவிடும். விளம்ப காலத்தில் ஒரே ஸ்வரத்தின்மேல் நின்று கேட்போர் உள்ளத்தை உருக்குவதே அரிது. அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தில் அந்த அரிய காரியத்தை மேற்கொண்ட வாத்தியம் டெனர் ஸாக்ஸபோன்.

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் ஸாக்ஸ் 1846-ம் வருஷம் பாரிஸில் இதற்கு உரிமை பெற்றார். உடல் பித்தளையே, ஆயினும் நாதம் பிறப்பது ஒற்றை நாணற் பட்டையில். டெனர் வகையின் ஒலி ஆண்குரலுக்கு மிக நெருங்கியது.

1939-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி கோல்மன் ஹாக்கின்ஸ், நியூயார்க்கில், 'பாடி அண்ட் ஸோல்' என்னும் காதற்பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். மெட்டைத் தொடக்கத்தில் சற்றே காட்டிவிட்டு, மூன்று நிமிஷம் தம் கற்பனையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனார். பென் வெப்ஸ்டரோ, ஸ்வரம் ஓய்ந்த பின்னும் வெறும் மூச்சு கேட்கும்படி வாசித்தார். பியானோ, பாஸ், டிரம் என்று மூன்று நான்கு பேரே உடனிருக்கும் சிறு கோஷ்டியில்தான் அம்மூச்சு காதில் விழும். பெரிய வாத்தியக் குழுவில் அது அமிழ்ந்துபோம்.

லெஸ்டர் யங்கின் கொள்கை நம்மை மிகவும் கவர்கிறது. பாட்டின் சொற்களை அறிந்தே மெட்டை வாசிக்க வேண்டும் என்பார் அவர். பிள்ளைகளுக்குச் செய்யுள் கற்பிக்கும் நமக்கு இது பழகிய உண்மை. பொருளுணராது ஒப்பிப்பவன் வாயில் எந்தச் செய்யுளும் உயிர் பெறுவதில்லை.

கறுப்பினத்தவரான இக்கலைஞர்கள், நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த தேசத்தில் வாழ்ந்தவர்கள். பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட யங், போதைப்பொருள் வைத்திருந்ததாக 1945-ல் ராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சிறையிருந்தார்.

1957-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி மூவரும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூடினார்கள். பில்லி ஹாலிடே தமது 'ஃபைன் அண்ட் மெல்லோ'வைப் பாட, வெப்ஸ்டர் வாசித்தார். அடுத்து நலிந்த உடலுடன் யங் எழுந்து நின்றார். பன்னிரண்டே ஆவர்த்தம், மிகச் சில ஸ்வரங்கள். பழைய தோழியான ஹாலிடேயின் முகம் அதைக் கேட்டு மலர்வதைப் படச்சுருளில் இன்றும் காணலாம்.

1959-ல் மார்ச்சில் யங் மறைந்தார். ஜூலையில் ஹாலிடேயும் மறைந்தார். உடலைச் சிறையிட்ட அதிகாரத்தால் அம்மூச்சைச் சிறையிட முடியவில்லை. நேயர்களே, ஓர் இரவு வீட்டு விளக்கைத் தாழ்த்திவிட்டு அதைக் கேட்டுப் பாருங்கள்.