மாறிலியின் பெயரைத் தேடும் முறை

தூரத்து நகரில் தொழில்புரியும் மகனுக்குத் தந்தையார் கடிதம் எழுதுகிறார். "கோயிலடிக் காணிக்கு வேலி அடைத்தாயிற்று" என்பது அதில் ஒரு வரி. மகன் வாழும் நகரிலும் கோயில் உண்டு. ஆயினும் அக்கோயிலை அவன் எண்ணுவதில்லை. கடிதம் எங்கே வாசிக்கப்படுகிறது என்பதன்று, எங்கே எழுதப்பட்டது என்பதே அச்சொல்லுக்குப் பொருள் தருகிறது. ரூபி என்னும் கணினி நிரல்மொழி மாறிலிகளின் பெயரைத் தேடும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

ரூபி, ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ ஆக்கி, 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி. அது பொருள்நோக்கு நிரல்மொழிகளுள் ஒன்று. தரவுகளையும் அவற்றின்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே பிணைத்துப் 'பொருள்' என்பர். ஓர் இனத்துப் பொருள்களுக்குரிய பொது அமைப்பு 'வகுப்பு' எனப்படும். ஒரு வகுப்பு இன்னொன்றின் வழித்தோன்றலாகி அதன் இயல்புகளை மரபுரிமையாகப் பெறுதலும் உண்டு. மாறாதிருக்க வேண்டிய மதிப்புக்கு இடும் பெயரே மாறிலி. வகுப்புகளின் பெயர்களும் ரூபியில் மாறிலிகளேயாம்.

நிரலில் ஒரு மாறிலியின் பெயர் தனித்து நிற்குமாயின், கணினி அதனை எவ்வாறு கண்டறிகிறது? முதலாவதாக, அப்பெயர் எழுதப்பட்டுள்ள வகுப்பினுள்ளே தேடுகிறது. அங்கே இல்லையெனில், அவ்வகுப்பைச் சூழ எழுதப்பட்ட புறவகுப்பு, அதற்கும் புறத்தே உள்ளது என, உள்ளிருந்து வெளியே செல்கிறது. இரண்டாவதாக, மீண்டும் உள்வகுப்புக்கு வந்து, அதன் முன்னோர் வரிசையில் ஏறிச் செல்கிறது. புறவகுப்புகளின் முன்னோரை அது நாடுவதில்லை. ஈற்றில், யாவற்றுக்கும் பொதுவான 'ஆப்ஜெக்ட்' என்னும் வகுப்பைப் பார்க்கிறது. அங்கும் காணாவிடின், பெயர் அறியப்படவில்லை எனப் பிழை அறிவிக்கிறது.

பிழை அறிவிக்கப்படுமிடத்து அச்சமில்லை, திருத்திக்கொள்ளலாம். அறிவிப்பின்றித் தவறான விடை வருவதே ஆபத்து. வங்கி ஒன்றுக்கு எழுதப்படும் நிரலை எடுத்துக்கொள்வோம். 'கணக்கு' என்னும் வகுப்பில் வட்டிவீதம் என்ற மாறிலி நூற்றுக்கு 5. ஆண்டு வட்டியைக் கணிக்கும் செயலும் அவ்வகுப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. அதன் வழித்தோன்றலான 'நிலையான வைப்பு' என்னும் வகுப்பில் வட்டிவீதம் நூற்றுக்கு 8. இனி, 1,000 ரூபா கொண்ட நிலையான வைப்பு ஒன்றுக்கு வட்டி கணிக்கக் கேட்டால், 80 ரூபா வருமென்றே எவரும் நினைப்பர். வருவதோ 50 ரூபா!

இதற்குக் காரணம் யாது? செயலைத் தேடும் முறை வேறு. மாறிலியைத் தேடும் முறை வேறு. செயலைத் தேடும்போது, கணினி பொருளின் வகுப்பிலிருந்து தொடங்கி முன்னோரிடம் செல்கிறது. அவ்வாறே கணிக்கும் செயலை முன்னோரிடத்தே கண்டது. ஆனால், அச்செயலினுள் உள்ள 'வட்டிவீதம்' என்னும் சொல் எழுதப்பட்ட இடம் 'கணக்கு' வகுப்பு. ஆதலால் அவ்விடத்து மதிப்பாகிய 5 எடுக்கப்பட்டது. தந்தையார் எழுதிய 'கோயிலடி' தந்தையாரின் ஊர்க் கோயிலடியே அன்றோ!

இதற்குப் பரிகாரம் எளிது. வெறும் பெயரை எழுதாது, 'இப்பொருளின் வகுப்பிலுள்ள வட்டிவீதம்' என வகுப்பையும் சுட்டி எழுதல் வேண்டும். அப்போது தேடல் 'நிலையான வைப்பு' வகுப்பிலே தொடங்கும். 80 ரூபா கிடைக்கும். வட்டிவீதத்தை மாறிலியாக வைக்காது, அதனைத் தரும் சிறு செயலொன்றை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதுதல் மற்றொரு வழி.

ஆகவே, மாறிலியொன்று எதிர்பாராத மதிப்பைத் தருமாயின், எப்பொருள் இயங்குகிறது என்று மட்டும் ஆராய்தல் போதாது. அப்பெயர் எந்த வகுப்பினுள் எழுதப்பட்டுள்ளது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.