காலையில மட்டும் குலுங்குற கார்



போன எபிசோட் முடிவில அப்பாட கார் கதையை அவசரமாச் சொல்லி முடிச்சிட்டன். "அந்த ரெண்டு நம்பர் என்ன?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீங்கள். இதோ, ஆறுதலாக.

அப்பா விடிய நாலரைக்கு வேலைக்கு வெளிக்கிடுவார். ஸ்கார்பரோ, ஜனவரி, மைனஸ் 14. கார் ஸ்டார்ட் ஆகும். ஆனால் முதல் ஒரு நிமிஷம் குலுங்கும், ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், கியரைப் போட்டால் சில நாள் அப்படியே நின்றுபோகும். பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கராஜில் பற்றரி மாத்தினார்கள், பிறகு ஸ்பார்க் பிளக். மூன்றாம் முறை இன்ஜெக்டர் எல்லாம் மாத்த 1,400 டாலர் என்றார்கள். "பழைய காருக்கு வருத்தம் வரத்தானே செய்யும் தம்பி, வித்துப்போடுவம்" என்று அப்பா சொல்லத் தொடங்கிட்டார். ஒருநாள் இடப்பக்கம் திரும்பேக்க சந்தி நடுவில கார் நின்றது. அதுக்குப் பிறகு எனக்கும் பயம்.

கராஜ்காரரைக் குறை சொல்ல ஏலாது. அவர்கள் காரைப் பார்த்தது எப்பவும் மத்தியானம், சூடான இஞ்சினோட. வருத்தம் இருந்தது முதல் ஒரு நிமிஷத்தில.

அந்த ஒரு நிமிஷத்தில என்ன நடக்குது? குளிரில பெட்ரோல் ஒழுங்கா ஆவியாகாது. அதனால காரின் கம்ப்யூட்டர் வழமையை விடக் கூடவா பெட்ரோல் விடவேணும். எவ்வளவு கூட? எக்ஸாஸ்ட் குழாயில இருக்கிற ஆக்சிஜன் சென்சர், கலவை சரியா இல்லையா என்று சொல்லக்கூடியது. ஆனால் அது சூடாகும்வரை வேலை செய்யாது. அதுவரை கம்ப்யூட்டர் முக்கியமா நம்புறது கூலன்ட் வெப்பநிலை சென்சரைத்தான். அந்தச் சென்சர் "இஞ்சின் சூடு" என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைச்சுப்போடும், இஞ்சின் தடுமாறும். ஆக்சிஜன் சென்சர் சூடானதும் பிழை திருத்தப்படும். எல்லாம் "சரியாகிடும்".

இப்ப அந்த ரெண்டு நம்பர். 1998 மாடலில இருந்து கனடாவில விக்கிற கார்களில ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி-2 சொக்கெட் இருக்கும். முப்பது டாலருக்குள்ள ஒரு ப்ளூடூத் அடாப்டர், போனில ஒரு ஆப், அவ்வளவுதான். இரவு முழுக்க நின்ற காரில, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் ஓன் பண்ணுங்கோ. கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வாற காற்றின் வெப்பநிலை ரெண்டையும் பாருங்கோ. ராவிரவா குளிரில நின்ற காரில ரெண்டும் ஏறக்குறைய ஒண்டாத்தான் இருக்கவேணும். (பிளாக் ஹீட்டர் போட்டிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. ரிமோட் ஸ்டார்ட் பழக்கத்தில அமத்திப்போட்டு வாற ஆக்களுக்கும்தான்!)

எங்கட காரில காற்று மைனஸ் 13. கூலன்ட் பிளஸ் 31.

செக் இஞ்சின் லைட் ஏன் வரேல்லை? 31 என்றது நடக்கக்கூடிய ஒரு நம்பர். வயர் அறுந்து மைனஸ் 40 காட்டியிருந்தால் கம்ப்யூட்டர் உடனே பிடிச்சிருக்கும். நம்பக்கூடிய பொய்யை எங்கட கார் பிடிக்கேல்லை.

உங்கட காரில ரெண்டு நம்பரும் ஒத்துப்போனால் வேற இடம் தேடுங்கோ. சாவியை ஓன் பண்ணி ரெண்டு செக்கன் விட்டு ஓஃப் பண்ணுங்கோ. மூன்று தரம் அப்படிச் செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணேக்க ஒழுங்கா எடுத்தால், இரவில பெட்ரோல் அழுத்தம் இறங்குது என்று சந்தேகப்படலாம். பி0302 மாதிரி கோட் வந்தால் ரெண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர். அதின்ட இக்னிஷன் கொயிலை மூன்றாவதோட மாத்திப் போடுங்கோ. கோட் பி0303 ஆக மாறினால் பிழை கொயிலில, புதுசு வாங்கலாம். மாறாட்டில் காசு மிச்சம்.

ரெண்டு விஷயத்தில மட்டும் விளையாட வேண்டாம். செக் இஞ்சின் லைட் மினுங்கினால் ஓடாதீங்கோ. எரியாத பெட்ரோல் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை அழிக்கும், அது ஒரு சென்சரை விடப் பலமடங்கு விலை. மற்றது, கூலன்ட் அளவு வாராவாரம் குறைஞ்சு, காலையில இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் அது ஹெட் காஸ்கெட்டா இருக்கலாம். நேர மெக்கானிக்கிட்ட. கூலன்ட் மூடியைச் சூட்டோட ஒருநாளும் திறக்காதீங்கோ.

சென்சர் 35 டாலர். கராஜ்காரருக்கு ஸ்க்ரீன்ஷொட்டைக் காட்டினம். "இதை முதலே கொண்டுவந்திருக்கலாமே" என்று சிரிச்சார், அரை மணித்தியாலத்தில மாத்தித் தந்தார். காரைக் காட்டப் போற ஆக்கள், முதல்நாள் இரவே அங்க விட்டுட்டு வாங்கோ. காலையில அவர்களே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த நாள் காலை: காற்று மைனஸ் 11, கூலன்ட் மைனஸ் 10. அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் கியரைப் போட்டுட்டுப் போயிட்டார். பின்னேரம் வந்து, அந்த அடாப்டரை ஒருக்கா மாமாட வானிலயும் குத்திப் பார்க்கட்டாம்.