சட்டம் தெரிந்தால் கேள்வி பிறக்கும்

சட்டம் என்றதும் வக்கீலும் கோர்ட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் உள்ள தோட்டக் குடும்பங்களுக்கோ, சட்டம் சம்பளச் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பால்மரம் வெட்டும் ஒருவர் ஒழுங்கு தவறினார் என்று கூறி, நாளை முதல் வேலை இல்லை என்கிறது நிர்வாகம். தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகக்கூடும். இது தலைவிதி என்று மூட்டை கட்டுவோர் உண்டு. சட்டம் அறிந்தவரோ மூன்று கேள்விகள் கேட்பார்: குற்றச்சாட்டு என்ன? சாட்சி என்ன? என் பக்கத்தை விசாரித்தீர்களா?

இவை வீண் கேள்விகள் அல்ல. முறையாக விசாரித்த பிறகே ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்கலாம் என்கிறது 1955ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நீக்கியது நியாயமற்றது என்று கருதுபவர், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்காமலே கொடுக்கலாம். அழுதே இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தும் வழி அடைபட்டுவிடும்.

இதே கேள்விகளை நம்மை நோக்கியும் கேட்க வேண்டும். விடுப்புக் கேட்காமல், தகுந்த காரணமும் தெரிவிக்காமல், இரண்டு வேலை நாட்களுக்கு மேல் தொடர்ந்து வராதிருந்தால், ஒப்பந்தத்தை முறித்தவர் தொழிலாளியே என்று அதே தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆத்திரத்தை ஒதுக்கி, நடந்ததை நடந்தபடி ஆராயும் பழக்கத்தையும் சட்ட அறிவு தருகிறது.

இன்னொரு படியும் உண்டு. சட்டமே நியாயமாக இருக்கிறதா என்று கேட்பதுதான் அது. தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுப்பு நெடுங்காலம் 60 நாட்களாக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாட்களாயிற்று. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். தனி ஆளின் குரல் எடுபடாது என்பதை உணர்ந்துதான், 1954இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின.

ஆகவே, சம்பளச் சீட்டையும் நிர்வாகக் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். வந்த தேதியை அவற்றில் குறித்து வையுங்கள். மலாய்க் கடிதமானால், படிக்கும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படிக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை அண்டை வீட்டுக்காரருக்காகவும் கேட்கும். சமூக நீதி அங்கேதான் வேர்விடுகிறது.