தாம்பரத்தின் திறந்த வாயில்

பலாத்காரத்துக்கு ஆளான ஒருவர் நள்ளிரவில் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் வாயிலை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெண்ணாயின், வைத்தியர் என்ன செய்யவேண்டும், கட்டணம் வாங்கலாமா கூடாதா என்பவற்றுக்கெல்லாம் சட்டம் விடை வைத்திருக்கிறது. அவர் திருநங்கையாயின்? சட்டம் வாய்மூடிக்கொள்கிறது, காவற்காரரும் குமாஸ்தாவும் தத்தம் மனம் போனபடி விடை கூறத் தொடங்குகிறார்கள்.

இது மிகையன்று. 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடின் 377-ஆவது பிரிவு, மனமொத்துக் கூடியோரையும் குற்றவாளிகளாக்கிய பிரிவு. அவ்வளவில் அதனை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு நீக்கியது நியாயமே. ஆயினும் பலவந்தத்தைத் தண்டிக்கும் பகுதியைக் கோர்ட்டு விட்டுவைத்திருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பாரதிய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்தபோது அதுவும் மறைந்தது. புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, பலாத்காரம் என்பது ஆடவன் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் குற்றம் என்றே வகுத்தது. திருநர்க்கென்றே 2019-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமோ, அவர்கள்மீது நிகழும் பாலியல் கொடுமைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை என்று விதித்தது. பெண்ணைக் கெடுத்தவனுக்கோ குறைந்தது பத்து வருஷம்! ஒரே கொடுமைக்கு இரண்டு தராசு வைப்பது எந்த நாட்டு நியாயம்? பாதிக்கப்பட்டவர் யாராயினும் சட்டம் காக்கவேண்டும் என்று 2013-லேயே நீதிபதி வர்மா கமிட்டி கூறியிருந்தது. கேட்பார் இல்லை.

தண்டனையைப் பற்றிய வாதம் டில்லியில் நடக்கவேண்டியது. நம்மை அதனினும் வருத்துவது சிகிச்சையே. சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் நிகழும் பாலியல் குற்றங்களையும் திராவக வீச்சையும் எண் குறித்துச் சொல்லி அது நின்றுவிடுவதால், வயதுவந்த திருநங்கை அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும். தடயங்களோ நாழிகைக்கு நாழிகை அழிகின்றன. ஆண் வார்டா, பெண் வார்டா என்று தர்க்கம் நடத்திக்கொண்டிருக்க இது நேரமா? மத்திய சுகாதார இலாகா 2014-ல் வகுத்த வழிமுறையில் திருநரைப் பரிசோதிக்கும் விதமும் சொல்லப்பட்டிருக்கிறது. போலீஸ் கடிதம் வரட்டும் என்று யாரையும் காக்கவைக்கலாகாது என்பதும் அதிலேயே உண்டு. ஏட்டில் இருப்பது வாயிலுக்கு வந்து சேரவில்லை என்பதே நம் குறை.

இவ்விஷயத்தில் தாம்பரத்துக்கு ஒரு பூர்வ கௌரவம் உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928-ல் நிறுவிய க்ஷயரோக விடுதியே பின்னர் சர்க்கார் வசமாகி, இந்த ஊரின் ஒரு பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயரையும் தந்தது. எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டாலே ஆஸ்பத்திரிகள் கதவடைத்த நாட்களில், 1993 முதல், அந்நோயாளிகளுக்குப் படுக்கை தந்தது அதே ஆஸ்பத்திரி. அதற்காக அவர்கள் எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. வந்தவரை உள்ளே அழைத்தார்கள், அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் திருட்டுச் சந்தேகத்தின்மேல் பிடிக்கப்பட்ட திருநங்கை ஒருவர் ஸ்டேஷனிலேயே பாலியல் கொடுமைக்கு உள்ளாகி, அவ்விடத்திலேயே தீக்குளித்து மாண்டார். சென்னை ஹைகோர்ட்டு 2007-ல் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. அதை அறிந்த ஒருவர் புகார் கொடுக்க அதே படிகளில் ஏறத் தயங்கினால், அவரைக் குறை கூற நமக்கு நாவெழுமா? 2022-ல் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதிகளில், இவ்வினத்தாரைத் துன்புறுத்தலாகாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது நல்லதே. பெண்களுக்கென 2015 முதல் ஏற்பட்ட ஒருங்கிணைந்த சேவை மையங்களில் வைத்தியம், வக்கீல், தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு உண்டு. ஆனால் பலகையிலேயே பெண்கள் என்றிருக்க, திருநங்கை உள்ளே நுழையத் துணிவாரா? திருநம்பியின் நிலையோ இன்னும் சங்கடமானது.

திருநங்கையர்க்கு நலவாரியம் கண்ட முதல் ராஜ்யம் நம்முடையது, ஆண்டு 2008. அந்தப் பெருமையைப் பேசும் அன்பர்கள், செங்கற்பட்டுக் கலெக்டரிடமும் 2022-ல் ஏற்பட்ட தாம்பரம் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டரின் பொறுப்பில் திருநர் பாதுகாப்புப் பிரிவு அமையவேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் கூறினவே, அதன் அலுவலர் யார், இரவில் அவரை எங்கே காண்பது? பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு எழுத்து மூலம் உத்தரவு போகவேண்டும். மருந்தும் பரிசோதனையும் முதலில், பெயரும் பாலும் எழுதுவது பிறகு என்று அது சொல்லவேண்டும். அதன் பிரதியைப் பெரிய வைத்தியரின் அறையில் பூட்டி வைப்பதால் பயனில்லை. இரவுப் பணியில் இருக்கும் நர்ஸின் மேஜைக்கு மேலே அது ஒட்டப்படவேண்டும்.