வெட்டும் அறுப்பும் ஒன்றல்ல

‘கட்’ என்னும் ஆங்கில வினைக்குப் பொருள் தேடிக் கையகராதியைப் புரட்டும் மாணவருக்கு வெட்டு, அறு, அரி, நறுக்கு, கொய், துண்டி எனக் காற்புள்ளியிட்ட ஒரு வரிசை கிடைக்கிறது. அவற்றுள் எதை எங்கே ஆள்வது என்பது பெரும்பாலும் கிடைப்பதில்லை. இவையெல்லாம் ஒருபொருட்பன்மொழிகள், அதாவது ஒரே பொருளைத் தரும் பல சொற்கள், என்று அவர் கருதிக்கொள்ள அந்த வரிசையே காரணமாகிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் உழைப்போரின் பேச்சைக் கவனித்தால், இவற்றுள் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்காது என்பது விளங்கும்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கரிசலில் விதைத்த சோளம் முற்றியதும் முதலில் கதிரைக் கொய்வார்கள். தாள் நிலத்திலேயே நிற்கும். பிறகுதான் குனிந்து, தாளை ஒரு கையால் பற்றி, அடியில் கருக்கரிவாளைக் கொடுத்து இழுத்துத் தட்டை அறுப்பார்கள். அது கட்டாகி, மாட்டுத் தீவனத்துக்கான படப்பாக ஏறும். கொய்தல் செடியின் தலையை மட்டும் எடுப்பது. அறுத்தல் பல் வைத்த கருவியை இழுத்துப் பிரிப்பது. மல்லியையும் பருத்திமாரையும் வேரோடு பிடுங்குவதால் அங்கே இவ்விரண்டு வினைகளுக்கும் வேலையில்லை.

இந்த வேறுபாடு மிக நுட்பமாகப் புலப்படும் இடம் கரிமூட்டத் தொழில். மழை பொய்த்துத் தரிசாகிப்போன நிலங்களில் மண்டிய வேலிக்கருவை (சீமைக்கருவேல்) இவ்வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கூலி தருகிறது. மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பதும், சாய்ந்த மரத்தின் முள்ளையும் சிறு கொப்புகளையும் கழிப்பதும், எஞ்சிய தடியை மூட்டத்தில் அடுக்கத்தக்க அளவில் தறிப்பதும், பருத்த தூரைப் பிளப்பதும் தனித்தனி வேலைகள். அரிவாளும் கோடரியும் கைமாறினாலும் வினைகள் மாறுவதில்லை. கழித்தல் என்றால் வேண்டாததை நீக்குதல், தறித்தல் என்றால் நீளத்தைத் துண்டுபடுத்துதல். கொப்பைத் தறிக்கச் சொன்னால் விறகு கிடைக்கும். கழிக்கச் சொன்னால் அடிமரம் வெளிப்படும். ‘கட்’ என்ற ஒரே ஏவல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஓங்கி இறங்கும் அடியே வெட்டின் உயிர். அதனால்தான் குலதெய்வக் கோயிலில் நிகழ்வது கிடா வெட்டு எனப்படுகிறது. கழுத்தில் கத்தியை ஓட்டும் இடத்தில் ஆடு அறுப்பதாகச் சொல்வார்கள். நிலம் இறுகிய இந்நாட்டில் கிணறும் ஊருணியும் வாய்க்காலும் வெட்டப்படுவனவே. கடப்பாரையும் மண்வெட்டியும் ஓங்கி இறங்காமல் இங்கே நீர் கிடைப்பதில்லை. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் பாண்டியர் விட்டுச்சென்ற எழுத்துகள் கல்வெட்டு என வழங்குவதும் உளியின் மேல் விழும் அடியைக் கருதியே என்று கொள்ளலாம். ஐப்பசியில் கீழ்வானத்தில் மின்னல் வெட்டுகிறது என்பார்கள். அங்கே கருவியும் இல்லை, ஆளும் இல்லை, கணநேர வீச்சு மட்டும் உண்டு.

இலக்கணத்திலும் இவ்வினைகள் பிரிந்து நிற்கின்றன. அறு, முறி, ஒடி ஆகியவற்றுக்குத் தன்வினையும் பிறவினையும் உண்டு. செயல் தானே நிகழ்வது தன்வினை, பிறர் நிகழ்த்துவது பிறவினை. நெசவுக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையில் பாவு இழை அறுவதும், நெய்து முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்த இரு வடிவங்கள். முதலாவது நெசவாளிக்கு இழப்பு, இரண்டாவது கூலி. இழை வெட்டியது என்று எவரும் சொல்வதில்லை.

சொற்களைப் பொருளால் தொகுக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் ரோஜே தம் சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்து, ஒன்பதாவதைச் செயல் பற்றிய பெயர்களுக்கும், பதினொன்றாவதை ஒரு சொல்லின் பல பொருள்களுக்கும் ஒதுக்கியது. மனப்பாடத்துக்கென்று செய்யுளில் அமைந்த நிகண்டு ஒரு பொருளுக்குரிய சொற்களைத் திரட்டித் தந்தது. அவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் கற்பவர் வழக்கிலிருந்து அறிந்துகொண்டார். வழக்கு கைவிட்டுப் போகும் காலத்தில் வெறும் திரட்டு போதாது.

ஒரு வினை பரவி மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு ஆங்கிலமே சான்று. பழைய ஆங்கிலத்தில் இச்செயலுக்குப் பொதுவினையாக இருந்தது இன்றைய ‘கார்வ்’ என்பதன் முன்வடிவம். 1300ஆம் ஆண்டையொட்டி எழுத்தில் தலைகாட்டிய ‘கட்’ படிப்படியாகப் பரவ, ‘கார்வ்’ இறைச்சியைத் துண்டுபோடுதல், மரத்திலும் கல்லிலும் செதுக்குதல் என்ற அளவில் ஒடுங்கியது. இன்று அதே ‘கட்’ தமிழில் ‘பண்ணு’ என்னும் துணைவினையோடு சேர்ந்து முடி, கேக், காய்கறி, மரம், தொலைபேசி இணைப்பு, சம்பளம் என அனைத்தின் மேலும் விழுகிறது. மின்வெட்டு போன்ற நல்ல ஆக்கங்கள் இருந்தும், அன்றாடப் பேச்சில் ஒரே வினை பத்து வினைகளின் இடத்தைப் பிடித்துவருவது கவலைக்குரியது. வேலை தெரிந்தவர் சொல்லிலேயே வேலையின் முறையும் அடங்கியிருந்தது.

வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் அரிவாள், தொரட்டி, களைக்கொத்து எனக் கருவிப் பெயர்களோடு நின்றுவிடாமல், அவற்றால் செய்யும் வினைகளையும், எந்தப் பொருளின் மேல், எந்தப் பருவத்தில், கையின் எந்த அசைவோடு அவை வழங்குகின்றன என்பதையும் முழு வாக்கியங்களாகப் பதிவு செய்ய வேண்டும். தட்டை அறுத்தவர்களும் மூட்டம் போட்டவர்களும் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்ள இதுவே தக்க காலம்.